பஞ்சில் ஒட்டிய நீலம்

மார்ச் பதினொன்றாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது இருபதுக்கு, தபால் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் படப் பட்டறையின் மேசையில், ஈரப் பஞ்சு ஒன்றில் நீல நிறம் ஒட்டியது.

பஞ்சைப் பிடித்திருந்தவள், அண்ணன் தங்கை இருவரில் சின்னவள். பழைய புகைப்படங்களைச் செப்பனிடுவது அவள் தொழில். விரல் நுனியில் எந்நேரமும் மாவுப் பசை காய்ந்திருக்கும் என்பதால் அண்ணன் அவளுக்கு வைத்த பெயர் 'பசை'.

பஞ்சை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தாள். நீலம்தான். சந்தேகமே இல்லை.

கறுப்பு வெள்ளைப் படத்தில் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் சாம்பல் நிறத்தில் நூறு படிகள் உண்டு. ஈரப் பஞ்சால் தொட்டால் அழுக்கு வரும். சில நேரம் பழைய பசை வரும். நீலம் வராது.

இன்னொரு பஞ்சை எடுத்து, ஃப்ரேமுக்குள் மறைந்துபோகும் ஓரத்தில் ஒரே ஒரு தரம் தொட்டாள். இந்த முறை நீலத்தோடு கொஞ்சம் சிவப்பும் வந்தது.

போன வாரம் அம்மாவின் அறையில் ஆணி தளர்ந்து விழுந்த படம்தான் இது. கண்ணாடி நொறுங்கி, ஒரு சில்லு படத்தை நான்கு விரல் நீளத்துக்குக் கிழித்திருந்தது. வெளியூரில் யாரிடமாவது கொடுக்கலாம் என்று அண்ணன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். அம்மா கேட்கவில்லை. "அவகிட்டயே குடு" என்றாள். எட்டு வருடங்களில் மகளைக் குறித்து அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு அந்த இரண்டு வார்த்தைகள்தான்.

படத்தில் ஒன்பது பேர். மணிக்கூண்டிலிருந்து பழுதுபார்க்க இறக்கிய பெரிய கடிகாரத்தின் முகப்பைத் தரையில் நிறுத்தி, அதைச் சுற்றி நிற்கிறார்கள். ஒருவர் மட்டும் முன்னால் உட்கார்ந்து, ஆள் உயர நிமிட முள்ளின்மேல் கையைப் போட்டிருக்கிறார். அது அப்பா. அப்போது அவருக்கு இருபத்து நான்கு வயது. கேமராவைக் கண்டாலே கழிப்பறைக்குப் போய்விடுகிற மனிதர். அவர் இறந்தபோது வீட்டில் இருந்தது இந்த ஒரு படமும், அடையாள அட்டையில் இருந்த நகம் அளவுப் படமும்தான்.

எட்டு வருடங்களுக்கு முன் சுவர் ஈரம் பட்டுப் படத்தில் கறை ஏறி, ஒரு மூலை அட்டையை விட்டுக் கிளம்பியிருந்தது. சின்னவள்தான் கறையைத் துடைத்து, மூலையை ஒட்டி, அட்டை கொஞ்சம் வளைந்திருந்ததால் ஒரு வாரம் கனமான புத்தகங்களுக்கு அடியில் வைக்கச் சொல்லித் திருப்பிக் கொடுத்தாள். சில மாதங்களிலேயே படம் சிவக்க ஆரம்பித்தது. கடிகாரம் சிவந்தது, அப்பாவின் சட்டை சிவந்தது.

"நீ தொட்டே. அதோட அவர் போயிட்டார்" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு மகள் வீட்டுக்கு வந்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

சின்னவள் எதிர்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. ஏனென்றால் அவளும் அதையே நம்பினாள். கறை எடுக்கிற மருந்தைச் சரியாகத் துடைத்து எடுக்கவில்லை, மிச்சம் உள்ளே ஊறிப் படத்தைத் தின்கிறது என்று நினைத்தாள். ஃப்ரேமைக் கழற்றிப் பார்க்க இரண்டு முறை கேட்டாள். "அம்மா வேண்டாங்கறா" என்றான் அண்ணன். மூன்றாவது முறை கேட்க அவளுக்கே முகம் இல்லை. பட்டறைக்கு வந்து, அந்தப் படத்துக்கான பதிவு அட்டையில் எழுதினாள்: 'காரணம்: மருந்து சரியாக நீக்கப்படவில்லை. என் தவறு.' மருந்துப் புட்டியை மேல் அலமாரிக்கு ஏற்றினாள். அன்றிலிருந்து கறை படிந்த படம் எது வந்தாலும் வேறு ஊருக்குத்தான் அனுப்பினாள்.

இப்போது வெள்ளிக்கிழமை அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். கட்டுப் பிரிக்கும்போது எதிரில் அப்பா இருக்க வேண்டும் என்று ஏற்பாடு. அதற்குள் படத்தைச் சரிசெய்து கொடுத்தால் அம்மா பேசுவாள். பேசத்தான் போகிறாள் என்று நேற்றிரவு சின்னவள் தனக்குத்தானே பத்துத் தடவை சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூதக்கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு குனிந்தாள்.

உண்மையான புகைப்படத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் புகை மாதிரித்தான் தெரியும். இதில் புள்ளிகள் தெரிந்தன. நீலப் புள்ளி, சிவப்புப் புள்ளி, மஞ்சள் புள்ளி. கம்ப்யூட்டரோடு இணைத்த பிரிண்டர் துப்பிய மை. வெயில் படும் சுவரில் மாட்டினால், நீலம் முதலில் வெளுத்துச் சிவப்பு மிஞ்சும் மை.

கிழிசலின் விளிம்பை ஊசி முனையால் லேசாகத் தூக்கினாள். ஒரு தாள் அல்ல, இரண்டு தாள். மேலே மெல்லிய பிரிண்டர் தாள். அதற்கு அடியில், ரப்பர் மாதிரி இழுபடுகிற வெள்ளைப் பசை. தச்சு வேலைக்குப் பயன்படுத்துவது. தண்ணீருக்கும் அசையாது, கெஞ்சினாலும் அசையாது. பசைக்கு அடியில் தடித்த பழைய தாளின் விளிம்பு. அதுதான் அவள் எட்டு வருடங்களுக்கு முன் துடைத்துக் கொடுத்த படம்.

யாரோ அசல் படத்தின் மேலேயே நகலை ஒட்டியிருக்கிறார்கள்.

நாற்காலியில் உட்கார்ந்தாள். சிவந்தது அப்பா இல்லை. அவள் மருந்து எதையும் தின்னவில்லை.

மறுபடி எழுந்து பூதக்கண்ணாடியோடு படம் முழுக்கத் தேடினாள். கடிகாரத்தில் நான்காம் எண்ணுக்குப் பக்கத்தில் இருந்தது, ஒரு கமா அளவுக்கு வளைந்த கோடு.

அது என்ன என்று அவளுக்குத் தெரியும். அவளுடைய பிரஷ்ஷிலிருந்து உதிர்ந்த முடி. வேலை முடிந்த அன்று படத்தை ஸ்கேன் செய்தபோது ஸ்கேனர் கண்ணாடியில் கிடந்தது. மறுநாள் கவனித்து, முடியைத் துடைத்து, புதிதாக ஸ்கேன் செய்து, பழையதை அழித்துவிட்டாள். ஆனால் அதற்கு முன் ஒரே ஒருவருக்கு அந்தப் பழைய ஸ்கேனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருந்தாள். "ஃபோன்ல வெச்சுக்கறேன், மாமனார் படம் என்கிட்டயும் ஒண்ணு இருக்கட்டும்" என்று கேட்டு வாங்கிப் போனவர் அண்ணி.

அண்ணனாக இருந்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அண்ணி எட்டு வருடங்களாக மாதம் தவறாமல் பட்டறைக்கு வருகிறவர். பிஸ்கட் பாக்கெட்டோடு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "அம்மா மனசு ஒருநாள் மாறும் பாரேன்" என்று சொல்லிவிட்டுப் போகிறவர்.

பட்டறையில் ஒரு நடைமுறை உண்டு. படத்தில் கை வைக்கும் முன் நிலை அறிக்கை எழுத வேண்டும். என்ன சேதம், எங்கே, எதனால், என்ன செய்யப் போகிறோம் என்பதை எல்லாம் எழுதி, படத்தின் சொந்தக்காரரிடம் கையெழுத்து வாங்க வேண்டும். கண் தெரியாதவர் என்றால் படித்துக் காட்ட வேண்டும்.

சின்னவள் ஒரு படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தாள். 'எதனால்' என்ற இடத்தைக் காலியாக விட்டாள். படத்தை இரண்டு கெட்டி அட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டிக்கொண்டு கிளம்பினாள்.

* * *

மருந்துக் கடையில் அண்ணி மாத்திரைப் பட்டைகளைக் கத்தரியால் வெட்டிக்கொண்டிருந்தார். எதிரில் ஒரு பெரியவர்.

"அந்த ரோஸ் கலர் மாத்திரைம்மா. போன தடவை குடுத்தீங்களே."

"எதுக்குச் சாப்பிடறது? காலுக்கா, வயித்துக்கா?"

"அதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ரோஸ் கலர்."

"கடையில பாதி மாத்திரை ரோஸ் கலர்தான். சீட்டு கொண்டுவாங்க" என்ற அண்ணி நாத்தனாரைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். "வா வா. என்ன, கடைய மூடிட்டு வந்திருக்கே? படம் முடிஞ்சுதா?"

சின்னவள் கையில் இருந்த பஞ்சைக் கண்ணாடி மேடைமேல் வைத்தாள்.

அண்ணி அதைப் பார்த்தார். சிரிப்பு உதட்டிலேயே நின்றது.

"என்னது இது?"

"நீங்க சொல்லுங்க அண்ணி."

"நான் என்னத்தக் கண்டேன்? மை மாதிரி இருக்கு."

"அப்பா சட்டையோட ஓரத்துல இருந்து வந்துச்சு. நாலாம் நம்பர் பக்கத்துல ஒரு முடி கூட இருக்கு. என் பிரஷ் முடி. அந்த முடியோட ஒரே ஒரு காப்பிதான் வெளிய போச்சு. உங்க பென் டிரைவ்ல."

பெரியவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ரோஸ் கலரு..."

"அய்யா, நாளைக்கு வாங்க" என்றார் அண்ணி. குரல் உடைந்திருந்தது. பெரியவர் மனமில்லாமல் படி இறங்கினார்.

அண்ணி கத்தரியை மூடி வைத்தார். மேடைக்குப் பின்னால் இருந்த உயரமான ஸ்டூலில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் வெட்டிய மாத்திரைகளை வரிசையாக அடுக்கினார்.

"அட்டை வளைஞ்சிருந்துச்சுல்ல" என்றார் கடைசியில். "நீ ஒரு வாரம் புஸ்தகம் வெச்சு அமுக்கச் சொன்னே. உங்க அண்ணனுக்குப் பொறுமை ஏது? ஒரு வாரம் எதுக்கு, அஞ்சு நிமிஷ வேலைன்னாரு."

"என்ன பண்ணான்?"

"தேய்ச்சாரு."

"தேய்ச்சான்னா?"

"இஸ்திரிப் பெட்டிய வெச்சு. சட்டை தேய்க்கற மாதிரிதானேன்னாரு. சும்மா இல்ல, மேல துணி போட்டுத்தான் தேய்ச்சாரு."

சின்னவள் கண்ணை மூடிக்கொண்டாள். புகைப்படத்தின் மேல் பூச்சு சூட்டில் கூழாகும். துணியில் ஒட்டும். துணியை எடுத்தால் துணியோடு வரும். இது அவள் தொழிலில் முதல் நாள் தெரிந்துகொள்கிற விஷயம். அண்ணனிடம் சொல்ல வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. புகைப்படத்தை இஸ்திரி போடுகிற ஒருவன் உலகத்தில் இருப்பான் என்று யார் நினைப்பார்கள்?

"துணியோட எது வந்துச்சு அண்ணி? முகமா?"

"தெரியாது. சத்தியமாத் தெரியாது. என்னைப் பாக்க விடல அவர். அந்தத் துணியக் கொண்டுபோய் எங்கயோ போட்டுட்டாரு. அழுதாரு. நான்தான் சொன்னேன், காப்பி இருக்கு, பிரிண்ட் போட்டு மேல ஒட்டிடலாம், அம்மாவுக்குத் தெரியவேண்டாம்னு. அது சிவந்து போகும்னு யாருக்குத் தெரியும்?"

"சிவந்தப்புறம்?"

அண்ணி அடுக்கிய மாத்திரைகளைக் கலைத்தார்.

"சிவந்தப்புறம் அம்மா என்னைச் சொன்னாங்களே, அப்ப நீங்க பக்கத்துல நின்னீங்க. கையில டம்ளர் வெச்சுட்டு நின்னீங்க. எனக்கு ஞாபகம் இருக்கு."

"வாயத் திறந்திருந்தா உங்க அண்ணன் மாட்டியிருப்பாரு."

"அதனால மாசா மாசம் பிஸ்கட் வாங்கிட்டு வந்தீங்க."

"நீ அழறப்ப யாராவது பக்கத்துல இருக்க வேண்டாமா?" என்றார் அண்ணி. அதை அவர் உண்மையாகவே சொன்னார். அதுதான் சின்னவளால் தாங்க முடியவில்லை.

"அழ வெச்சவங்களே பக்கத்துல உக்காந்தா எப்படி அண்ணி?"

கடை வாசலில் யாரோ இருமினார்கள். அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "என்ன வேணும்?" என்று கேட்டார். இருமல் மருந்து எடுத்துக் கொடுத்து, சில்லறை எண்ணி, ஆள் போன பிறகு, மேடைக்கு அடியில் இருந்து ஃபோனை எடுத்து அண்ணனைக் கூப்பிட்டார். அவன் வருவதற்குள் சின்னவள் படிவத்தில் நான்காவதாக ஒரு வரி சேர்த்தாள்.

* * *

அண்ணன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி வைத்திருக்கிறான். அந்தக் காரில்தான் வந்தான். இடதும் வலதும் பெரிய எழுத்தில் 'பழகுபவர்' என்று எழுதிய கார். அதில் பக்கத்து இருக்கைக்குக் கீழேயும் ஒரு ப்ரேக் உண்டு.

சின்னவள் அந்த இருக்கையில் படத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அண்ணி பின்னால் ஏறினார். கார் கிளம்பி இரண்டு தெரு தாண்டியது.

"பசை" என்றான் அண்ணன்.

"அப்படிக் கூப்பிடாதே."

"சரி. இங்க பாரு. நடந்தது நடந்துபோச்சு. நான் ஒண்ணும் வேணும்னு பண்ணல."

"தேய்ச்சது வேணும்னு பண்ணல. ஒட்டினது?"

"பயம். அம்மா முகத்தைப் பாக்க பயம். உனக்கு அம்மா பத்தித் தெரியாதா?"

"எனக்கு எட்டு வருஷமா அம்மா முதுகுதான் தெரியும்."

அண்ணன் ஸ்டீயரிங்கைத் தட்டினான். "நான் சொல்றதக் கேளு. மேல இருக்கற படத்தைக் கிழிசல் தெரியாம ஒட்டிக் குடு. சிவப்பு கொஞ்சம் குறைச்சுடு. உனக்கு அது கால் மணி நேர வேலை. அம்மா சந்தோஷப்படுவா. உன்கூடப் பேசுவா. இவ்வளவு வருஷமா நீ கேட்டது அதானே? ஆபரேஷன் நேரத்துல போய் இஸ்திரிப் பெட்டி, பசைன்னு ஆரம்பிச்சா அவளுக்கு பி.பி. ஏறும். எல்லாருக்கும் நல்லது எதுவோ அதப் பண்ணு."

"செய்யாத தப்புக்கு மன்னிப்பு வாங்கிக்கோங்கறே."

"வாங்கிக்கயேன். சும்மா வருதுல்ல."

சின்னவள் காலடியில் இருந்த ப்ரேக்கை அழுத்தி மிதித்தாள்.

கார் குலுங்கி நின்றது. அண்ணியின் தலை முன் இருக்கையில் மோதியது. பின்னால் வந்த வேன்காரன் ஹாரனை அழுத்திக்கொண்டே வளைத்துப் போனான். போகும்போது 'பழகுபவர்' எழுத்தைப் பார்த்துவிட்டு, "முதல்ல ஓட்டக் கத்துக்கிட்டு ரோட்டுக்கு வாங்கப்பா" என்று கத்திவிட்டுப் போனான்.

இருபது வருடமாக ஓட்டக் கற்றுக்கொடுக்கும் அண்ணன் காது மடல் சிவக்க உட்கார்ந்திருந்தான்.

"நான் எட்டு வருஷமா கறை எடுக்கல" என்றாள் சின்னவள். சத்தம் போடவில்லை. "எனக்குப் பிடிச்ச வேலை அதுதான். யார் படத்தைக் கொண்டுவந்தாலும் என் கை கெட்ட கைன்னு நினைச்சு வேற ஊருக்கு அனுப்பினேன். அம்மா என்னைத் திட்டினத விட்டுடு. என்னை நானே திட்டிட்டு இருந்தேன் பாரு, அதுக்கு என்ன சொல்றே?"

அண்ணன் காரை மறுபடி கிளப்பினான்.

"துணிய எடுத்தப்ப அப்பா முகம் வந்துச்சா?"

"பாக்கல."

"பொய் சொல்லாதே."

"பாக்கலடீ. நான் எடுத்த எடுப்புல துணியச் சுருட்டிட்டேன். படத்தையும் பாக்காமத்தான் மேல ஒட்டினேன். வேணும்னா நம்பு."

* * *

அம்மா அறையில்தான் இருந்தாள். மேசைக்கு முன்னால், ஜன்னலுக்கு முதுகு காட்டி. மேசைமேல் ஆஸ்பத்திரிக் காகிதங்கள் பரப்பியிருந்தன. மேலாக இருந்தது வெள்ளிக்கிழமைக்கான படிவம். சுவரில் படம் இருந்த இடம் மட்டும் சதுரமாக வெளுத்திருந்தது.

மூன்று ஜோடிக் காலடிச் சத்தத்தை அம்மா தனித்தனியாகப் பிரித்துக் கேட்டிருக்க வேண்டும். "அவளும் வந்திருக்காளா?" என்றாள். எழுந்து போகவில்லை.

"வந்திருக்கேம்மா."

"படம் முடிஞ்சுதா?"

"இன்னும் ஆரம்பிக்கல. ஆரம்பிக்க உன் கையெழுத்து வேணும். நிலை அறிக்கைன்னு ஒண்ணு எழுதுவோம். உன்னால படிக்க முடியாது. நான் படிக்கறேன்."

அண்ணன் அவள் முழங்கையைத் தொட்டான். அவள் கையை விலக்கிக்கொண்டு, அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து, படிவத்தை விரித்தாள். யாருடைய படமானாலும் படிக்கிற அதே குரலில் படித்தாள்.

"ஒன்று. அட்டையில் ஒட்டிய புகைப்படம். வலது கீழ் மூலை நசுங்கியிருக்கிறது. கடிகாரத்தின் ஏழாம் எண்ணிலிருந்து உட்கார்ந்திருப்பவரின் தோள் வரை கண்ணாடி கிழித்த வெட்டு."

"ம்."

"இரண்டு. மேலே தெரிவது புகைப்படம் அல்ல. மையில் அச்சடித்த நகல். வெயிலில் நிறம் மாறியிருக்கிறது."

அம்மா 'ம்' சொல்லவில்லை.

"மூன்று. நகலுக்கு அடியில் அசல் படம் இருக்கிறது. நகலை அசலின்மேல் வெள்ளைப் பசையால் ஒட்டியிருக்கிறார்கள்."

அண்ணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான்கு. அசல் படத்தின் மேல் பூச்சு அதிக வெப்பத்தில் சேதமாகியிருக்கலாம்."

"பெட்டிய அவ்வளவு சூடு வெச்சிருக்க வேண்டாம் அவன்" என்றாள் அம்மா.

தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்ட் போடும் ஒலி மட்டும் மேலே வந்தது.

சின்னவள் தாளைப் பார்த்தாள். தான் எழுதியதை மறுபடி ஒரு முறை மனதுக்குள் படித்தாள். வெப்பம் என்றுதான் எழுதியிருந்தாள்.

"நான் பெட்டின்னு படிக்கலையேம்மா."

அம்மாவின் கை, மேசைமேல் இருந்த ஆஸ்பத்திரித் தாளின் மூலையை மடித்தது. பிரித்தது. மறுபடி மடித்தது.

முதலில் பேசியது அண்ணன். "அம்மா, உனக்கு... உனக்கு எப்படி?"

"எனக்கு மூக்கு இல்லையா? கருகின வாசனை கூடம் வரைக்கும் வந்துச்சு. மறுநாள் மாட்டினே, கண்ணாடி போடறதுக்கு முன்னாடி தொட்டுப் பாத்தேன். சொரசொரன்னு இருந்துச்சு. முப்பது வருஷம் தொடச்ச படம், எனக்குத் தெரியாதா?"

அண்ணனும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவர்கள் மறைத்ததை அம்மா அறிந்திருந்தாள். அவள் அறிந்திருந்ததை அவர்கள் அறியவில்லை. மூன்று பேரும் தனித்தனியாக மூடி வைத்த விஷயத்தின் மேல் சின்னவள் மட்டும் எட்டு வருடம் நின்றுகொண்டிருந்தாள்.

"தெரிஞ்சேவா?" என்றாள் சின்னவள். "தெரிஞ்சே என்னைச் சொன்னியா?"

அம்மா நேராக அவள் பக்கம் முகத்தைத் திருப்பினாள். புகை படர்ந்த கண்கள். அவற்றால் மகளின் முகத்தைப் பார்க்க முடியாது என்பதால்தான் அவ்வளவு நேராகப் பார்க்க முடிந்ததோ என்னவோ.

"யார்மேலயாவது கோபப்பட்டுத்தான் ஆகணும். அவன்மேல பட்டுட்டு அவன் வீட்லயே எப்படி இருக்கறது? காலைல அவன் குடுக்கற காபிய எப்படிக் குடிக்கறது? உனக்குன்னு தனி வீடு இருக்கு, கடை இருக்கு. நீ தாங்குவே."

"தாங்குவேன்னு யார் சொன்னா?"

"தாங்கினேல்ல."

சின்னவள் படிவத்தை மேசைமேல் தட்டி நேராக்கினாள்.

"அப்ப இத ஏன் என்கிட்ட அனுப்பினே? வெளியூர்ல குடுத்திருக்கலாமே. அண்ணன் சொன்னானே."

அம்மா மடித்த தாள் மூலையை விரலால் நீவிவிட்டாள். பிறகு தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"வெள்ளிக்கிழமைக்கப்புறம் எல்லாம் தெளிவாத் தெரியும்னாரு டாக்டர். எறும்பு ஊர்றது கூடத் தெரியுமாம். இவ்வளவு நாளும் மங்கலாவே இருந்ததால ஓடிப்போச்சு. தெளிவாத் தெரிஞ்சப்புறம் அந்தக் காகிதத்தைப் பாத்துட்டு என்னால உக்காந்திருக்க முடியாது."

"அதச் சொல்லி அனுப்பியிருக்கலாம்."

"நீயே கண்டுபிடிப்பேன்னு தெரியும்."

சின்னவள் பேனாவின் மூடியைக் கழற்றினாள். படிவத்தின் கீழ்ப்பகுதியைப் படித்தாள். "டிக் போட ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம், மேலே இருக்கற நகலை இப்படியே ஒட்டித் தரணும். வியாழக்கிழமை முடியும். ரெண்டாவது, நகலை எடுத்துட்டு அசலை வெளியே கொண்டுவரணும். மாசக்கணக்குல ஆகும். அடியில அப்பா இருக்காரா இல்லையான்னே தெரியாது. எடுக்கும்போது மிச்சம் இருக்கறதும் போகலாம். போனா நான் பொறுப்பில்ல. இதுவும் எழுதியிருக்கு."

"ரெண்டாவது."

"கட்டுப் பிரிக்கும்போது சுவர்ல ஒண்ணும் இருக்காது. என்கிட்ட இருக்கற ஸ்கேன்ல இருந்து வேணும்னா ஒரு பிரிண்ட் போடலாம்."

"இல்லாட்டிப் போகுது. இன்னொரு காகிதம் வேண்டாம். ரெண்டாவது."

சின்னவள் இரண்டாவது கட்டத்தில் குறியிட்டாள். பிறகு 'எதனால்' என்ற இடத்துக்கு வந்தாள்.

"தெரியலன்னு எழுதிடு" என்றாள் அம்மா. "நாளைக்கு நாலு பேர் பாக்கற காகிதம்."

"என் காகிதத்துல நான் பொய் எழுதினதில்ல. ஒரே ஒரு தடவை எழுதினேன். அது பொய்னு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது."

அவள் எழுதினாள், எழுதுவதைச் சத்தமாகப் படித்துக்கொண்டே எழுதினாள். "இஸ்திரிப் பெட்டி. எட்டு வருடங்களுக்கு முன். செய்தவர், சொந்தக்காரரின் மகன்."

அண்ணன் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டான். "சாட்சி வேணும்" என்று சின்னவள் சொன்னபோது, அண்ணி வந்து பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுக்கும்போது ஏதோ சொல்ல வந்தார். சின்னவள் வாங்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கையெழுத்து இடத்துக்கு அடியில் ஸ்கேலை வைத்து, அதன் விளிம்பில் அம்மாவின் விரலைக் கொண்டுபோய் வைத்தாள். எட்டு வருடங்களுக்குப் பிறகு அம்மாவின் கையைத் தொடுகிறாள். தோல் முன்னைவிட மெலிந்திருந்தது. அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தாள். சின்னவள் ஸ்கேலைச் சரிசெய்கிற மாதிரி விலக்கிக்கொண்டாள்.

அம்மா கையெழுத்துப் போட்டபோது மணி பன்னிரண்டு இருபது. சின்னவள் படத்தை மறுபடி அட்டைகளுக்கு நடுவே கட்டி, எடுத்துக்கொண்டு, நடந்தே பட்டறைக்குத் திரும்பினாள். ஆஸ்பத்திரிப் படிவம் அம்மாவின் மேசைமேல் இருந்தது. அதில் துணைக்கு வருபவரின் பெயரை எழுத வேண்டிய இடத்தில் அவள் தன் பெயரை எழுதவில்லை; அது காலியாகவே இருந்தது.